ஏணிக்குக் கீழே ஒரு கை

அந்த வீட்டு நீச்சல் குளத்தில் ஒரு கை முளைத்திருந்தது. ஏணிக்குக் கீழே, தண்ணீருக்குள், வெள்ளை டைல்ஸ் சுவரில், பழுப்பு நிறத்தில், விரல்கள் கீழ்நோக்கி. ஆளை உள்ளே இழுக்கிற கை என்று காலையில் யாரோ சொல்ல, மத்தியானத்துக்குள் தெருவே காம்பவுண்டுக்குள் நின்றது. விரல் எத்தனை என்பதில்தான் ஒற்றுமை இல்லை. நாலு என்றது ஒரு கோஷ்டி. ஆறு என்றது இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஐந்து என்றார். படித்தவர் அல்லவா, சராசரி போட்டுவிட்டார்.

குளம் மாமனார் கட்டியது. அதை வைத்துப் பிழைப்பது மருமகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு அதில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள்; தெருவுக்கே அவள் டீச்சர். கை முளைத்த அன்று சாயங்காலம் பன்னிரண்டு ஐந்தானது. மறுநாள் அந்த ஐந்துக்கும் ஒரே சமயத்தில் வயிற்றுவலி வந்துவிட்டது.

அப்போதுதான் நீர்ஞானி வந்தார். நீல ஜிப்பா, நீலத் துண்டு, நீலக் கண்ணாடி. தண்ணீர் அவரோடு பேசுமாம். குளத்தோரம் குப்புறப் படுத்து, ஒரு காதை நனைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் தலையாட்டினார். எழுந்ததும் கட்டளைகள் வந்தன. தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டார் ஓடக்கூடாது, கைக்குள் இருக்கிற ஆத்மாவுக்குச் சத்தம் ஆகாது. குளோரின் போடக்கூடாது, காரம் ஆகாது. பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. கூச்சமாம்.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவள் கணவன் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினான்.

நீர்ஞானியின் துணிமூட்டைக்குள் வெள்ளைத் தூள். பெயர் சாந்திப் பொடி. மூட்டையைக் கறைமேல் அழுத்தி உதட்டை அசைத்தார். எடுத்தார். கை போயிருந்தது. டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆத்மா திரும்பி வராமல் இருக்க, மிச்சப் பொடியைக் குளம் முழுக்கத் தூவிவிட்டு நீர்ஞானி கிளம்பினார்.

நாலே நாளில் தண்ணீர் பச்சையானது. படி வழுக்கியது. இரண்டு வாரத்தில் கையும் திரும்பி வந்தது. இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? ஆத்மா கோபத்தில் பச்சையாகிவிட்டது என்றார். மறுபடி பொடி, மறுபடி பளிச், மறுபடி பச்சை. ஜெயித்தால் அவர் சக்தி, தோற்றால் ஆத்மாவின் சக்தி. இப்படி ஒரு உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்?

மூன்றாம் தடவை கை வந்ததும் தீர்ப்பு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சாந்தி. அதற்கும் அடங்காவிட்டால் குளத்தை மண் போட்டு மூடிவிட வேண்டும். மூடிய குளம் பச்சையாகாது, யாரும் கேள்வியும் கேட்க மாட்டார்கள். மாமனார் திங்கட்கிழமைக்கு ஒரு லாரி மண் சொல்லிவிட்டார்.

மண் என்றதும் மருமகள் குளத்தோரம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தாள். தினமும் காலையில் அவள் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து மருந்து சொட்டுவிட்டுப் பார்ப்பாள். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். முதல் சாந்தி நடந்த அன்று காலையில் நல்ல மஞ்சள். பொடி தூவி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது நிறமே இல்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படியோரம் சிந்திக் கிடந்த பொடியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். புளிப்பு. பழகின புளிப்பு. நேரே மருந்துக்கடைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நீர்ஞானி மூட்டையை அவிழ்க்கும்போது அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தக் கை உங்களுக்கு மட்டும்தான் அடங்குமா?"

"முப்பது வருஷத் தவம்மா. வேற யாராவது தொட்டா, தொட்ட கை வெந்துடும்."

"வேகட்டும். டாக்டர் பக்கத்துலதான இருக்காரு."

"நான் பல்லுக்கு மட்டும்தான்மா," என்று டாக்டர் இரண்டடி பின்னால் போனார்.

அவள் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கினாள். பழைய சாக்ஸில் ஒரு மாத்திரையைச் சுற்றி, சுவரில் இருந்த கையின் ஒரே ஒரு விரல்மேல் வைத்து அழுத்தினாள். நூறு வரைக்கும் எண்ணினாள். எடுத்தபோது அந்த விரல் இல்லை. மற்ற விரல்கள் அப்படியே இருந்தன. அவள் கை வேகவில்லை. ஆரஞ்சு வாசனைதான் அடித்தது.

"வைட்டமின் சி மாத்திரை. சளிக்குச் சப்புறது. டாக்டர், உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டர் ஆகாயத்தைப் பார்த்தார்.

பிறகு குளோரின் கலந்த தண்ணீரைக் குழாயில் பிடித்து, மருந்து சொட்டுவிட்டுக் காட்டினாள். நல்ல மஞ்சள். சாந்திப் பொடி ஒரு சிட்டிகை போட்டாள். மஞ்சள் மாயமானது. மாத்திரைத் தூளைப் போட்ட இன்னொரு குழாயிலும் அதே கதை.

"மாமா, அந்த ஏணி போல்ட்டைக் கொஞ்சம் தடவிப் பாருங்க."

தடவினார். விரல் பழுப்பானது.

"அந்தத் துரு ஒழுகித்தான் கை. பொடி துருவைக் கரைக்குது, கூடவே குளோரினையும் தின்னுடுது. குளோரினும் இல்ல, மோட்டாரும் ஓடல, தேய்க்கவும் கூடாது. அப்புறம் பாசி வராம வேற என்ன மாமா வரும்?"

கூட்டத்தில் அசுத்தம் இருப்பதால் தண்ணீர் இன்று பேச மறுக்கிறது என்று அறிவித்துவிட்டு நீர்ஞானி அவசரமாகத் திரும்பினார். தானே வளர்த்த பாசியில் கால் வைத்தார். தொபீர். அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் உண்மையிலேயே பேசியிருந்தால், ஆழம் ஆறடி என்பதை முதல் நாளே சொல்லியிருக்கும். டீச்சர்தான் ஜிப்பாவைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட அவர் கேட்டைத் தாண்டிய வேகத்தில் முப்பது வருஷத் தவம் தெரிந்தது.

மாமனார் சாவியை எடுத்து மருமகள் கையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. ஓரமாகப் போய் லாரிக்காரருக்குப் போன் போட்டார்.

"மண்ணு வேணாம்ப்பா. இல்ல, பேயெல்லாம் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "போல்ட்டு."

கூட்டம் கலைந்தது. இரண்டு பிள்ளைகளின் அம்மா மட்டும் தயங்கி நின்றாள். நாளைக்கே பிள்ளைகளை அனுப்புவதாகச் சொன்னாள். பாசி போக ஒரு வாரம் தேய்க்கணும், அப்புறம் அனுப்புங்க என்றாள் டீச்சர். அந்த அம்மா இன்னும் நகரவில்லை. கிட்டே வந்து காதோடு கேட்டாள்.

"எங்க பாத்ரூம் சுவத்துல ஒரு முகம் தெரியுது டீச்சர். அதை யார்கிட்ட காட்டுறது?"

"பிளம்பர்கிட்ட காட்டுங்கக்கா. ஆனா அவரு வர்றதுக்கு முன்னாடி நீங்களே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதுக்கு எந்த ஆத்மாவும் கோவிச்சுக்காது."