பழுப்பு ஒழிந்த செவ்வாய்க்கிழமை

மனித குலம் பெரியம்மையை ஒழிப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆயின. சூரத் நகரத்து மஹிதர்புரா வைர பஜார் பழுப்பு நிறத்தை ஒழிக்க எடுத்துக்கொண்டது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. அதிலும் டீ இடைவேளை போக நாற்பது நிமிடம்.

இந்த அரும்பணியை ஆற்றியது 'வண்ண வைர அறிவூட்டு மற்றும் கொள்முதல் வழிகாட்டுக் குழு'. அதன் தலைவர் டாக்டர் சிமன்பாய் காகடியா. என்ன டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் யாருக்கும் ஊசி போட்டதில்லை. "பெரியோர்களே! வைரத்தில் பழுப்பு என்று ஒரு நிறமே கிடையாது. வாங்குகிறவரின் அறியாமைக்குத்தான் அந்தப் பெயர்!" என்று அவர் முழங்கியபோது கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. தட்டிய கைகள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு டப்பா பழுப்புக் கல் இருந்தது. நேற்றுவரை பாறையில் துளை போடும் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்த கற்கள் அவை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வெளிறிய கல் இனி 'ஷாம்பெயின்', அடர்ந்த கல் 'கோன்யாக்'. மாநிலத்தில் மதுவிலக்கு அமலில் இருப்பதால் இந்த இரு மதுவையும் கண்ணால் கண்டவர்கள் சபையில் இல்லை. கண்டிருந்தவர்களும் ஒப்புக்கொள்வதாக இல்லை. ஆகவே கல் அந்த நிறத்தில் இல்லை என்று மறுக்க ஆளில்லாமல் போயிற்று. இதைவிட உறுதியான அறிவியல் அடிப்படை வேறென்ன வேண்டும்?

கடைசி வரிசையில் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தவர் தரகர் லாபுபாய் சுதாரியா. முப்பது வருடமாக அவருடைய அலுவலகம் பஜார் தெருவில் நிற்கும் தன் ஸ்கூட்டரின் சீட்டுதான். அதில் வெள்ளைத்தாளை விரித்துக் கல்லை வைத்து அவர் ஒரு நிறம் சொன்னால் மறுபேச்சு கிடையாது. இப்போது அவர் சட்டைப்பையில் இரண்டு கேரட் கல் ஒன்று இருந்தது. பழுப்பு. மன்னிக்கவும், கோன்யாக். பட்டறை முதலாளி கான்ஜிபாய் விற்கச் சொல்லிக் கொடுத்து நாலு மாதமாயிற்று.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள போகலேன்னா கல்லைத் திருப்பிக் குடுத்துடு லாபு. அப்புறம் என் வாசப்படியை மிதிக்காதே" என்று கான்ஜிபாய் அன்போடு எச்சரித்திருந்தார். ஒருவர் கல்லைப் பிடுங்கிக்கொண்டால் மற்றவர்களும் கொடுக்க மாட்டார்கள். கல் கொடுக்க ஆளில்லாத தரகர் அந்தத் தெருவில் வெறும் ஸ்கூட்டர்காரர்.

வியாழக்கிழமை காலை தெய்வம் கண் திறந்தது. மும்பையிலிருந்து ரஷ்மிகாந்த் ஜவேரி சேட் மனைவி விம்லாபேனுடன் வந்து இறங்கினார். மகளின் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஒரு வண்ணக் கல் வேண்டும். குழுவின் விதிப்படி, வண்ணக் கல் வியாபாரம் தலைவர் முன்னிலையில், குழு அறையின் வடக்கு ஜன்னலருகே மட்டுமே நடக்கலாம். நடந்தது.

"கோன்யாக், சேட்" என்றார் சிமன்பாய், கோயிலில் பேசுகிற குரலில்.

"அப்படின்னா?"

"பிரான்ஸ் தேசத்துல அது ஒரு… பானம்."

"சர்பத் மாதிரியா?"

"கிட்டத்தட்ட. திராட்சையில பண்றது. கொஞ்ச நாள் பீப்பாயில வச்சு…"

ரஷ்மிகாந்த் சேட் எழுந்தே விட்டார். "சாராயமா? என் பொண்ணு விரல்ல சாராயத்தை மாட்டச் சொல்றீங்களா? நாங்க ஜைனருங்க ஐயா! சம்பந்தி வீட்டுல பச்சைத் தண்ணியக்கூடக் காய்ச்சி வடிகட்டித்தான் குடிப்பாங்க!"

லாபுபாய் கல்லைப் பொட்டலத்தில் மடிக்கப் போனார். தலைவரோ கலங்கவில்லை. அவசரக் கூட்டம் அப்போதே கூடியதாக அறிவித்தார்.

"வெங்காயத்தோல் சிவப்புன்னு வச்சுக்கலாமா சேட்?"

"வெங்காயமா? ஐயையோ… எங்க சமையக்கட்டுல அந்தப் பேரைக்கூடச் சொல்ல மாட்டோம். மண்ணுக்கடியில விளையறது எதுவும் ஆகாது."

"வைரமே மண்ணுக்கடியில இருந்துதானே சேட்…" என்று ஆரம்பித்த லாபுபாயின் காலைத் தலைவர் மேஜைக்கடியில் மிதித்தார்.

"சாக்லேட்?"

"முட்டை கலந்திருக்குமா?"

"வைரத்துலயா?"

"சாக்லேட்டுலய்யா!"

யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. முட்டை குறித்து ஆராயத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது.

இதற்கிடையே விம்லாபேன் இடுக்கியால் கல்லை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிறந்த வீடு சூரத்தில் புடவை மொத்த வியாபாரம். நிறம் என்றால் தறியிலேயே பார்த்து வளர்ந்தவர்.

"என்னங்க, இது பழுப்பு" என்றார்.

தலைவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"நல்ல பழுப்பு! நிச்சயதார்த்தப் புடவைக்குக் கரை இதே கலர்தான். மும்பையில மூணு நாளா இதைத்தான் தேடி அலைஞ்சேன். பழுப்புன்னு எழுதிக் குடுங்க, எடுத்துக்கறேன்."

"அப்படி எழுத முடியாது விம்லாபேன்" என்றார் சிமன்பாய்.

"ஏன்?"

"பழுப்புன்னு ஒண்ணு கிடையாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து."

"அப்ப என் கையில இருக்கிறது என்ன?"

"அது பரிசீலனையில இருக்கு."

"எனக்குப் பழுப்புதான் வேணும்."

"இருந்தா குடுக்க மாட்டோமா? ஸ்டாக் இல்ல."

தலைவர் லாபுபாயை மூலைக்கு இழுத்துப் போனார். "யோவ் லாபு, ஒரு கல்லைப் பழுப்புன்னு வித்தா சாயங்காலத்துக்குள்ள பஜார்ல இருக்கிற அத்தனை கல்லும் பழுப்பாயிடும்யா! என்கிட்ட மட்டும் எழுநூறு கேரட் கிடக்கு."

"கான்ஜிபாய் ஞாயித்துக்கிழமை கெடு வச்சிருக்காரு சாஹேப்."

"பஜாரோட மானம் பெரிசா, கான்ஜி பெரிசா?"

அதற்குள் விம்லாபேன் செருப்பில் கால் நுழைத்துவிட்டார். லாபுபாய் அந்தச் செருப்பைப் பார்த்தார்; தலைவரைப் பார்த்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பொட்டலத்தின் மடிப்பில் எழுதினார்.

"இந்தாங்க விம்லாபேன். பழுப்பு. கலப்படமில்லாத பழுப்பு. முப்பது வருஷத்துல இவ்வளவு லட்சணமான பழுப்பை நான் பார்த்ததில்ல."

கை குலுக்கி வியாபாரம் முடிந்தது. அன்று மாலை கான்ஜிபாய் அடுத்த பொட்டலத்தைக் கொடுத்ததோடு, சூரத்துக்கே உரிய லோச்சோ பலகாரம் சூடாக ஒரு தட்டும் வாங்கித் தந்தார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. லாபுபாயைத் தண்டிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் அதன் பெருந்தன்மையை அறியாதவர்கள். 'நம் அன்புக்குரிய லாபுபாய், இல்லாத நிறமொன்றைக் காண்கிறார். இது குற்றமன்று, நோய். அவர் சொல்லும் நிறம் இனி பஜாரைக் கட்டுப்படுத்தாது' என்று தீர்மானித்தார்கள். தலைவர் கையெழுத்திட்டு, மாலை போட்டு, ஒரு கறுப்புக் கண்ணாடியையும் அணிவித்தார். லாபுபாய் கண்ணீர் விட்டதாகக் குறிப்பேட்டில் இருக்கிறது. கண்ணாடி மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து தெருவில் ஒரே குஷி. "பாய், இது எத்தனை விரல் சொல்லுங்க?" என்று மூக்குக்கு நேரே ஒருவன் கையை நீட்டினான்.

"விரல் எத்தனைன்னு தெரியலடா. அதுல மாட்டியிருக்கிற மோதிரக் கல்லு பழுப்பு."

அவன் கையைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

இரண்டு வாரம் கழித்து, பஜார் கூடுவதற்கு முந்தைய காலை வெளிச்சத்தில், சிமன்பாய் தனியாக ஸ்கூட்டரருகே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

"வரப்போற மருமகளுக்கு. விக்கிற மும்பைக்காரன் 'அந்திவானச் சிவப்பு'ங்கறான். நீங்க ஒரு தடவை பாருங்க பாய்."

'யோவ் லாபு' எப்போது 'பாய்' ஆனார் என்பது குறிப்பேட்டில் இல்லை.

"எனக்குத்தான் கண்ணுல கோளாறாச்சே சாஹேப். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"அதனாலதான் வந்தேன். கண்ணு நல்லா இருக்கிற பன்னிரண்டு பேர்கிட்டக் காட்டிட்டேன். பன்னிரண்டு பேரும் சிவப்புங்கறாங்க."

லாபுபாய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கல்லை வெள்ளைத்தாளில் உருட்டினார். வெகுநேரம் பார்த்தார்.

"காசு குடுத்தாச்சா, இனிமேதானா?"

"இனிமேதான்."

"அப்ப பழுப்பு."

"குடுத்திருந்தா?"

"பதின்மூணாவது ஆளா நானும் சிவப்புன்னிருப்பேன்."