கடைசி சீட்டுக்காரரும் எங்கள் பெரிய வண்டியும்

தஞ்சாவூரைச் சுற்றிக் கைமாறிய பழைய பெரிய வண்டிகளில் பாதி, கார் ஓட்டவே தெரியாத ஒரு மனிதர் தலையாட்டிய பிறகுதான் கைமாறின. மீதிப் பாதியை அவரைக் கேட்காமல் வாங்கியவர்கள், பிற்பாடு அவரிடமே வந்து அழுதார்கள்.

அவருக்கு இஞ்சின் எது, ரேடியேட்டர் எது என்று தெரியாது. யாராவது பானெட்டைத் திறந்தால், பிறர் உடை மாற்றும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அதுக்கு மெக்கானிக் இருக்கான்ங்க. எனக்கு எதுக்கு அது?" என்று சொல்லிக்கொண்டே நேராகப் பின்பக்கம் போவார். கடைசி சீட்டில் ஏறி, தோளில் கிடக்கும் பச்சைத் துண்டை மடித்துக் கழுத்துக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு "எடுங்க" என்பார். வண்டி திருவையாறு வரை போய்த் திரும்பும். இறங்கி ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "வாங்குங்க" அல்லது "வேணாம்." பரிசோதனை முடிந்தது.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கடைசி சீட்டுக்காரர் என்றால் போதும், பழைய பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் கையைக் காட்டுவார். இளம் வயதிலிருந்தே கல்யாண வேன் ஒன்றில் கிளீனராக இருந்தவர். முன் சீட்டு மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு, நடு சீட்டுகள் பெண்களுக்கு, கடைசி சீட்டு கிளீனருக்கும் வாழைத்தாருக்கும். இருபத்தைந்து வருடம் வாழைத்தாரோடு பயணம் செய்த மனிதர் அவர். "முன்னால உட்கார்றவருக்கு ரோடுதாங்க தெரியும். வண்டி எப்படின்னு வாழைத்தாரைக் கேட்டாத்தான் தெரியும்" என்பார்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வரத் தொடங்கிய காலம் அது. முதலில் வீட்டுக்கு மாடி வந்தது, அப்புறம் வாசலில் வெள்ளை நிறத்தில் எட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டி வந்தது. புதிதாக வாங்க முடியாதவர்கள் பழையதைத் தேடினார்கள். அந்த வண்டிகளின் முதுகில் ஓர் ஏணி இருக்கும். டெல்டா முழுக்க அந்த ஏணியில் ஒரு மனிதர்கூட ஏறி நான் பார்த்ததில்லை. ஆனால் ஏணி இல்லாத வண்டியை யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

நாகூரிலிருந்து ஜவுளிக்கடை பாய் ஒருவர், துபாயிலிருந்து வந்திருந்த மகனோடு ஒரு வண்டி பார்க்க வந்தார். கடைசி சீட்டுக்காரர் ஏறவே இல்லை.

"மத்தவங்க எங்க பாய்?"

"எந்த மத்தவங்க?"

"வீட்ல உள்ளவங்க."

"நாங்க வண்டியப் பாக்கத்தானே வந்தோம்."

"வண்டி உங்களப் பாக்க வேண்டாமா?"

மறுநாள் பாய் வீட்டிலிருந்து பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். கூடவே, வெளியூர் தர்கா கந்தூரி விழாவுக்குப் போகும்போது எடுத்துப் போகும் பெரிய பிரியாணி அண்டாவான தேக்சாவும் வந்தது. அதையும் அவர்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தார். தேக்சாவை ஏற்றினால் பாயின் மைத்துனருக்கு இடமில்லை. மைத்துனரை ஏற்றினால் தேக்சாவுக்கு இடமில்லை. அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் குடும்பம் ஒருமனதாகத் தேக்சாவின் பக்கம் சாய்ந்தது. மைத்துனர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். "வேணாம்ங்க. இந்த வண்டி வாங்கினா சொந்தம் போயிரும்" என்றார் கடைசி சீட்டுக்காரர்.

இன்னொரு தடவை, ஓய்வுபெற்ற லுத்தரன் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரைத் தம்மோடு கடைசி சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றி ஏ.சி.யைப் போடச் சொன்னார். முன்னால் இருந்த விற்பவருக்குக் குளிரில் உதடு நடுங்கியது. பின்னால் இவர்கள் இருவரும் இட்லிப் பானையில் வைத்த மாதிரி வெந்துகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "முப்பது வருஷம் கடைசி பெஞ்சை அதட்டியே காலத்தை ஓட்டிட்டேன். இங்க உட்கார்ந்தா என்ன தெரியும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். சோதனை ஓட்டத்தில் தூக்கம் வந்தால் வண்டி பாஸ் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை, முந்தின நாள் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிய அசதியில், வண்டி கிளம்புவதற்கு முன்பே குறட்டை விட்டுவிட்டார். அந்த வண்டி பாஸாகி, ஒரே வாரத்தில் கொள்ளிடம் பாலத்தின் நடுவில் நின்றது. உள்ளே இருந்த குடும்பம் அவரைத் திட்டித் தீர்த்தது. அவர் இறங்கி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தள்ளினார். தள்ளிக்கொண்டே, "குத்தம் சொல்லாதீங்க, தள்றதுக்கு எவ்வளவு லேசா வருது பாருங்க" என்றார்.

அவர் எப்படி அந்த வண்டிக்குள் இருந்தார் என்று கேட்பீர்கள். அதுதான் அவருடைய கூலி. வேறு எதுவும் வாங்க மாட்டார். வண்டி வாங்கினால், அந்தக் குடும்பத்தின் முதல் பயணத்தில் கடைசி சீட்டு அவருக்கு. நம் ஊரில் முதல் பயணம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தோடு வேளாங்கண்ணி, பாய் குடும்பத்தோடு நாகூர், மற்றவர்களோடு குலதெய்வம். வேளாங்கண்ணி மெழுகுவத்தியும் நாகூர் சர்க்கரையும் ஏதோ ஓர் ஐயனார் கோயில் விபூதியும் அவர் சட்டைப் பையில் ஒன்றாகவே கிடக்கும்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் காவிரிக்கு வடக்கே. அப்பா கூலி வேலை செய்து, பிறகு குத்தகைக்குப் பயிர் வைத்தவர். அம்மா சிறு பெண்ணாக இருந்தபோதே நடவுக்குப் போகத் தொடங்கியவள். அண்ணன் எட்டாவதோடு நின்று, வெல்டிங் கற்றுக்கொண்டு, சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போனான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்து, சென்னையில் வேலையும் வாங்கினேன். இதை எங்கும் அடக்கமாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை.

அண்ணன் மனைவி குழந்தைகளோடு விடுமுறைக்கு வந்தபோது, நானும் அவனும் சேர்ந்து ஒரு பெரிய வண்டி வாங்குவது என்று முடிவானது. நாங்கள் மொத்தம் ஏழு பேர். அதனால் பெரிய வண்டிதான் சரி. இது வெளியே சொன்ன காரணம். ரோட்டோரத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் பள்ளிக்கு நடந்த காலத்தில், என் பாவாடை மேல் சேற்றை அடித்துவிட்டுப் போன வண்டிகளெல்லாம் உயரமானவை. அது சொல்லாத காரணம்.

எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது, அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நாம நட்ட வயல்லாம் பாய்ஞ்சுட்டு இந்தத் தண்ணி எங்கதான் போய் விழுதுன்னு ஒரு நாள் பாக்கணும்" என்றாள். அப்படியானால் முதல் பயணம் பூம்புகார் என்று நான் அறிவித்தேன். உடனே அம்மா, "நீங்க போய்ட்டு வாங்க. மாட்டை யாரு பாக்கறது?" என்றாள். இது புதிதில்லை. என் பட்டமளிப்பு விழாவுக்கும் அம்மா வரவில்லை. மாடு. அண்ணனை ஏற்றிவிடத் திருச்சி விமான நிலையத்துக்கும் வரவில்லை. மாடு. நாங்களும் மாட்டையே நம்பினோம்.

திருப்பனந்தாள் பக்கம் ஒரு ரைஸ் மில்காரர் வெள்ளை வண்டி ஒன்றை விற்பதாகத் தகவல் வந்தது. நான் நோட்டில் இருபத்திரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டேன். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டயர் எப்போது மாற்றியது, எத்தனை கை மாறியது, எல்லாம். அப்பாவுக்கு நோட்டின் மேல் மரியாதை உண்டு. ஆனாலும், "எதுக்கும் கடைசி சீட்டண்ணனையும் கூட்டிக்குவோம்" என்றார். அவர் போட்ட நிபந்தனை உங்களுக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் வர வேண்டும். ஏழு பேரும் வாடகை வேனில் போனோம். அம்மா தரையோடு தாழ்ந்த முன்படியில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மில் களத்தில் வண்டி நின்றது. யானைக் கொட்டாயிலிருந்து அவிழ்த்து வந்த மாதிரி அவ்வளவு உயரம். மெக்கானிக் பார்த்துவிட்டு நல்ல இஞ்சின் என்றார். என் இருபத்திரண்டு கேள்விகளுக்கும் சரியான பதில் கிடைத்தது. மனசுக்குள் நான் அதை வாங்கியே விட்டேன்.

கடைசி சீட்டுக்காரர் பின்னால் ஏறிக் கண்ணை மூடினார். "எல்லாரும் ஏறுங்க."

குழந்தைகள், அண்ணி, அண்ணன், அப்பா, நான் எல்லோரும் ஏறிவிட்டோம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றாள்.

"நீங்க ஒரு சுத்து போய்ட்டு வாங்க. நான் எதுக்கு? மாடு..."

"மாடு இங்க இல்லையே தங்கச்சி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அம்மா சிரித்தாள். கைப்பிடியைப் பிடித்து வலது காலைத் தூக்கினாள். கால் பாதியில் நின்றது. இடது காலைத் தூக்கினாள். அதுவும் அங்கேயே நின்றது. அண்ணன் குதித்து இறங்கி, இடுப்பைப் பிடித்து உந்தினான். அம்மா முழங்காலால் உள்ளே வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். வாய் சிரித்தபோதே தொண்டைக்குள் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

கடைசி சீட்டில் கண்கள் திறந்தன.

"எறங்குங்க. வேணாம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "வண்டி இன்னும் கிளம்பவே இல்லையே! என்ன பாத்துட்டு வேணாங்கறீங்க?"

"பாக்கல பாப்பா. கேட்டேன்."

"உங்களுக்கு இஞ்சினப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது."

"கியர் பாக்ஸ்?"

"அது எங்க இருக்குன்னே தெரியாது."

"பின்ன என்னதான் தெரியும்?"

"உங்கம்மா இதுல ரெண்டாம் தடவை ஏற மாட்டாங்க. அது தெரியும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். ஏறிவிடுவேன் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அம்மா தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து நட்டே தேய்ந்த இடுப்பு. பஸ் படிக்குக்கூட அது மடங்குவதில்லை என்பது எனக்கு அந்தக் களத்தில்தான் தெரிந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு வராததற்குக் காரணம் மாடு இல்லை. கையில் இருந்த நோட்டை மூடிவிட்டேன்.

கடைசி சீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார். அவர்தான் கேட்டார். "தங்கச்சி, வரப்பு ஏறுவீங்களா?"

"வரப்பு ஏறாமயா? அது பாட்டுக்குக் கால் போவும்."

மில்லுக்குப் பின்னால் வயல். அம்மாவை அங்கே கூட்டிப்போய் ஒவ்வொரு வரப்பாக ஏறி இறங்கச் சொன்னார். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. மூன்றாவது வரப்பில் அம்மாவின் கால் யாரையும் கேட்காமல் ஏறியது. அவர் சேற்றில் குத்துக்காலிட்டு, தன் பச்சைத் துண்டைத் தொங்கவிட்டு, அந்த உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். மில்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வண்டி வாங்க வந்தாங்களா, நிலம் வாங்க வந்தாங்களா?"

துண்டைக் கொண்டுவந்து வண்டியோடு வைத்துப் பார்த்தார். தரையிலிருந்து உள்ளே போக இரண்டு முடிச்சு உயரம். "நடுவுல ஒரு வரப்பு வேணும். அவ்வளவுதான்" என்றார்.

அண்ணன் குனிந்து கதவின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தான். "நான் ஒரு படி அடிச்சுத் தர்றேண்ணே" என்றான். சிங்கப்பூரில் யார் யாருடைய கப்பலுக்கோ படி வைத்தவன் அவன்.

மில்காரர் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். அண்ணன் பக்கத்துப் பட்டறையில் இடம் கேட்டு, அகலமான இரும்புப் படி ஒன்றைச் செய்து, கதவுக்குக் கீழே பொருத்தினான். பார்க்க நன்றாகவே இல்லை. யானைக்குக் கொலுசு போட்ட மாதிரி இருந்தது. கடைசி சீட்டுக்காரர் மறுபடி பின்னால் ஏறிக் கண்ணை மூடினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "ஏன் இன்னும் நிக்கிறீங்க? ஏறுங்க தங்கச்சி."

"ஏறிட்டேண்ணே" என்றாள் அம்மா, அவருக்கு முன் சீட்டிலிருந்து.

"அப்படியா? சத்தமே வரலியே." துண்டின் முடிச்சை அவிழ்த்து, மடித்துக் கழுத்துக்குக் கொடுத்துக்கொண்டார். "வாங்குங்க."

முதல் பயணம் பூம்புகார். கும்பகோணம் வருவதற்குள் பின்னாலிருந்து குறட்டை கேட்டது. வண்டி பாஸ். ஆறு கடலில் சேரும் இடத்தில் அம்மா மணலில் நெடுநேரம் நின்றாள். அங்கே காவிரி எங்கள் ஊர் வாய்க்கால் அளவுதான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அம்மாவுக்கு இல்லை. "பரவால்ல. எல்லாத்தையும் நாமளே செலவு பண்ணிட்டு, மிச்சத்தைத்தான் அனுப்பிருக்கோம்" என்றாள். பின்னால் நின்ற கடைசி சீட்டுக்காரர், பெரிய வரவு செலவைச் சரிபார்த்தவர் மாதிரித் தலையாட்டினார்.

போன வருடம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். யாரோ என்று பெயரைப் படித்துவிட்டு நானே தாண்டிப் போய்விட்டேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் படத்தில் தோளில் கிடந்த பச்சைத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி வந்து, அந்தப் பெயரை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன்.

மாடு இன்னும் இருக்கிறது. அம்மாதான் வீட்டில் இருப்பதில்லை. படியை எடுத்துவிட்டால் வண்டி பார்க்க எடுப்பாக இருக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். அம்மா அதில் காலை வைத்து ஏறி, சேலையைச் சரிசெய்துகொண்டு, காலியாக இருக்கும் கடைசி சீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள்.

"ஏறிட்டேண்ணே" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் வண்டியை எடுப்பேன்.