குறுக்குச்சால் எழுதிய ராகிக் கவிதை

மைசூரில் அந்த நாளில் டோங்கா குதிரைகளைவிடக் கவிஞர்கள் அதிகம். ஆனால் தான் எழுதியதைத் தானே படிக்க முடியாத கவிஞர் ஒருவர்தான் இருந்தார். நஜர்பாத் மாடியறையில் அவரோடு நான்கு வருஷம் குடியிருந்தவன் என்ற முறையில் அடித்துச் சொல்வேன்.

அவரைக் குறுக்குச்சால் என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் போலவே அரசாங்க குமாஸ்தா. கொள்ளேகாலுக்கு அப்பால் ராகி பயிரிடும் குடும்பம். முதலில் நீளவாக்கில் உழுது, பிறகு குறுக்கே சால் ஓட்டி உழுதால்தான் மண் பொலபொலவென்றாகும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதைக் காகிதத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். கவிதையை எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, அதன் மேலேயே குறுக்காகத் திருத்தி எழுதுவார். பார்த்தால் கொசுவலை மாதிரி இருக்கும்.

"வேற தாள் எடுத்துக்கக் கூடாதா சார்?" என்றேன்.

"ஒரு காட்டுல மொத உழவு ஓட்டிட்டு, ரெண்டாவத அடுத்தவன் காட்டுலயா ஓட்டுவாங்க?"

நான் நிலத்தைப் பார்த்ததெல்லாம் ஆபீஸ் ஃபைலில்தான்.

அவர்கள் பக்கம் திங்கட்கிழமை மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். ஆகவே திங்கட்கிழமை இவர் பேனாவைத் தொடமாட்டார், ஆபீஸிலும்கூட. அன்றைய அவருடைய ஃபைல்களையும் நான்தான் எழுதினேன்.

ஒரு பொங்கலுக்கு மைசூர்த் தமிழர்கள் சேர்ந்து கவியரங்கம் வைத்தார்கள். குறுக்குச்சால் வெளிறிப்போய் வந்தார்.

"ஊர்லருந்து எங்க அய்யன் வராரு. எழுதறது ஒரு வேலையான்னு நேர்ல பாக்கறாராம். இல்லீன்னா நோட்டு பூராவும் அடுப்புக்குன்னுட்டாரு. நீங்க கொஞ்சம் நல்லா பிரதி எடுத்துக் குடுங்க."

கொசுவலையில் 'எங்கள் நிலம்' என்ற தலைப்பு மட்டுமே எனக்குப் புரிந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மிச்சத்தை நானே எழுதிவிட்டேன். வாய்க்கால், நாற்று, இரண்டு நாரை.

அவர் அதை மேடையில்தான் பிரித்தார். "தலைசாய்ந்த நெற்கதிரே..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

முன்வரிசையில் அவருடைய அய்யன், அதாவது அப்பா. "நம்ம காட்டுல ஏதுடா நெல்லு?"

குறுக்குச்சால் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"எட்டுச் சால் ராகி, ஒரு சால் அவரை..."

"ஆறு," என்றார் அப்பா.

"எட்டுங்கய்யா," என்றார் இவர், மைக்கில்.

"அது உங்க தாத்தன் காலத்துல. உங்கம்மா வந்தப்பறம் ஆறு சாலுக்கு ஒரு அவரைன்னு ஆக்கிட்டேன்."

"ஏனுங்?"

"அவளுக்கு அவரைன்னா உசுரு."

சபை, அப்பாவும் பிள்ளையும் சண்டை போடுவது புதுக்கவிதையில் ஒரு வகை என்று முடிவுகட்டி, கைதட்டித் தீர்த்தது. "டைம் ஆயித்து சார்," என்று காரியதரிசி மணியடித்தது யார் காதிலும் விழவில்லை.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "எழுதினா முதுகு வலிக்குமா?"

"வலிக்குமுங்."

"அப்ப வேலைதான். எழுது." பஸ்ஸுக்குக் கிளம்பியவர் திரும்பினார். "அந்த நெல்லு எங்கிருந்துடா வந்துச்சு?"

குறுக்குச்சால் என் பக்கம் திரும்பவேயில்லை. "என் தப்புதானுங்கய்யா."

அந்த நெல் என்னுடையது என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் நானே எழுதிவைக்கிறேன்.