தண்ணீருக்குத் தலையாட்டியவன்

எங்கள் பக்கம் தொலைபேசி வராத காலத்தில், உச்சி வெயிலில் ஒருவன் வேர்த்து விறுவிறுத்து சைக்கிளில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கேதம் சொல்ல வருகிறான். உறவில் யாரோ போய்விட்டார்கள். வீட்டுக்குள் வரமாட்டான், வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு மிதிப்பான்.

இது தெரிந்தும் நான் அப்படி ஒரு கோலத்தில் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அறுபதுகளின் கடைசி. மானகிரியில் எங்கள் வீட்டில் அப்பா மஞ்சள் காமாலை முற்றிப் படுத்திருந்தார். சிவகங்கை டாக்டர் கையை விரித்துவிட்டார். கஷாய வாடையும் அம்மாவின் முகமும் தாங்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்துவிடுவேன். ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். (பாதைகள் என்னைத்தான் கண்டுபிடித்தன, பெரும்பாலும் முட்களோடு.)

அன்று இரண்டு டயரும் பஞ்சர். ஒரு செருப்பு வார் அறுந்தது. இன்னொன்றை நானே கோபத்தில் வீசினேன். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தலையில் துண்டு, உடம்பெல்லாம் செம்மண், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனால், காடு முடிந்த இடம் அமராவதிபுதூருக்கு அப்பால் அத்தையின் ஊர்! மகிழ்ச்சியில் ஓடினேன். அந்த ஓட்டம்தான் வினையாகிவிட்டது.

அத்தை வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் கீழே விழுந்தது. உள்ளேயிருந்து வந்த அத்தை மகன் கதிரேசன், "மாப்ள, தண்ணி வேணுமா?" என்றான். அதே நேரத்தில் அத்தை, "எங்க அண்ணன் போயிட்டாகளா?" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது தண்ணீர் மட்டும்தான். கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டினேன்.

அத்தை தலையை விரித்துப்போட்டு மண்ணில் விழுந்தாள். தெருவே கூடியது. தண்ணீர் குடித்துக் குரல் வந்ததும், "அப்பா உசிரோடதான் இருக்காக!" என்று கத்தினேன். கதிரேசன் என்னைக் கட்டிக்கொண்டு, "அடக்காத மாப்ள, அழுதுரு" என்றான். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டதாக முடிவு செய்துவிட்டார்கள். பூமாலை வாங்கி வந்தார்கள், வண்டி பூட்டினார்கள், என்னையும் தூக்கிப்போட்டார்கள்.

அப்பா சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மாலையைப் பார்த்தார், தங்கையின் விரிந்த கூந்தலைப் பார்த்தார்.

"கொஞ்சம் முந்தி வந்துட்டியே, தாயி" என்றார்.

அவர் சிரிக்க, கஞ்சி புரையேறியது. அத்தை அழுதுகொண்டே அவர் தலையைத் தட்டினாள். எங்கள் வீட்டில் அந்த வருடம் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த மாதமே அப்பா போய்விட்டார். கேதம் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் போனார். அத்தை அவரை நம்பவில்லை. "போன தடவை மாலையோட போயி அவமானப்பட்டேன். நல்லா விசாரிச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மறுபடி ஆள் போய் அவள் வந்து சேர்ந்தபோது, ஆண்கள் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் சாப்பாட்டில் "இன்னும் போடவா?" என்று கேட்டு நான் தலையாட்டினால் மட்டும், "வாயத் தொறந்து சொல்லுய்யா, ஒந்தலைய நம்ப முடியாது" என்பாள். பந்தியே சிரிக்கும். என் கல்யாணத்தில் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்பதையும் வாயால்தான் சொல்ல வைத்தார்கள்.

பல வருடம் கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இறந்துபோனாள். வெளியூரிலிருந்த கதிரேசனுக்கு நான்தான் போன் செய்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அதோடு சரி.

"மாப்ள? அம்மாவுக்கு என்ன? போயிட்டாகளா?"

நான் ரிசீவரைப் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பக்கம் அவன் உடைந்த குரலில் கேட்டான்: "தலையாட்டுறியா மாப்ள? வாயத் தொறந்து சொல்லுப்பா."