தாய்மாமன் மடி

ஒரு காட்டில், ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே சோபா ஷோரூம் வந்துவிட்டது. முதலாளி சிறுத்தை, விற்பனைக்கு நரி. எங்கேயோ இடிக்கிறதே என்று நமக்குத் தோன்றும். காட்டில் யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே ஏசி அப்படி.

செண்பகவல்லி என்ற புள்ளிமானின் மகளை வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் வந்த வரன்களெல்லாம், "உட்கார நாற்காலியும் இல்லை, முன்னால் நிற்கத் தாய்மாமனும் இல்லை" என்று எழுந்து போய்விட்டன. மாமனுக்கு எங்கே போவது? நாற்காலியாவது வாங்கலாம் என்று கணவன் தவசியை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ரெக்சின் வேணாம்க்கா, வேர்வையில ஒட்டும்" என்றது நரி. "இது ஸ்வேட். தோலோட உட்பக்கத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு மெத்துனு ஆக்கினது. கால் நீட்டிக்க இந்தக் குட்டி மெத்தை, ஆட்டமன். தடவிப் பாருங்க."

தடவினாள். ஒரு பக்கமாகத் தடவினால் வெளிர்நிறம், எதிர்ப்பக்கம் தடவினால் அடர்நிறம். முதுகுச் சாய்வில் ஒரு தழும்பு. அவரைக்காய்த் தோட்டத்து முள்கம்பி கிழித்த தழும்பு அது. மகளின் காதுகுத்துக்கு மடி தர வராமல் கோபித்துக்கொண்டு போன அவளுடைய அண்ணன் சிங்காரத்தின் தழும்பு!

"அப்ப ஆட்டமன்?" என்றான் தவசி, மெதுவாக.

"அவங்க சம்சாரம். செட்டாத்தான் வந்தாங்க, பிரிச்சுக் கொடுக்கிறதில்ல."

செண்பகவல்லி நாற்காலியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அழாதீங்கக்கா" என்று நரி பதறியது. "ஸ்வேட்ல ஈரம் படக் கூடாது."

பழைய கதையாக இருந்தால் இந்நேரம் மான்களெல்லாம் திரண்டு வந்து கடையை உடைத்திருக்கும். செண்பகவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "கூடப் பொறந்தவளுக்குக் கொஞ்சம் பாத்துப் போட்டுக் கொடுக்கக் கூடாதா?"

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் கேட்டாள், "தாய்மாமன் எங்க?"

"நீங்க உக்காந்திருக்கிறதே அவர் மேலதான் சம்பந்தியம்மா. கால் வெச்சிருக்கிறது எங்க அண்ணி."

அந்த அம்மாள் துள்ளி எழுந்தாள். குனிந்து முகர்ந்தாள், தடவினாள், மறுபடி சாய்ந்து உட்கார்ந்தாள். "சொகமான குடும்பம்" என்றாள்.

பெண்ணை மாமன் மடியில் உட்காரவைத்துப் பூ வைத்தார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு விசேஷத்துக்கும் எட்டிப் பார்க்காத அண்ணன் இன்று நடுக்கூடத்தில் இருக்கிறான் என்று செண்பகவல்லிக்கு மனசு நிறைந்துபோனது.

"சீர்னு நாங்க எதுவும் கேக்கல" என்றாள் சம்பந்தியம்மாள். "இதே மாதிரி ஒரு சேர் மட்டும் போதும். இதே கலர்ல."

காபித் தட்டோடு நின்றிருந்த தவசி சிரித்தபடியே கேட்டான், "ஏன் எல்லாரும் என்னையே பாக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லங்க" என்றாள் செண்பகவல்லி. சொல்லிக்கொண்டே அவன் முதுகை ஒரு பக்கமாகத் தடவிப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கமாகவும் தடவிப் பார்த்தாள்.

நீதி: சொந்தபந்தங்களை எந்நாளும் அரவணைத்து வாழுங்கள். ஈரம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.