மகன் பேரில் ஒரு மொய் விருந்து

என் மகனுக்கு நான் சேர்த்துவைத்த சொத்து, அவனுக்கே தெரியாத பதினாறு லட்ச ரூபாய்க் கடன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். தொகையில் பிழை இருக்காது. புத்தியில்தான் இருந்தது.

எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து என்று ஒரு வழக்கம் உண்டு. பணமுடை வந்தால் பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறிச் சோறு போட்டால் போதும். ஊரே வந்து சாப்பிட்டு மொய் எழுதும். வட்டி கிடையாது. எழுதியவர் தன் விருந்தை வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரே நிபந்தனை, ஒருவர் பேரில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். என் முறையை ஏற்கெனவே ஒரு போர்வெல்லில் கொட்டியிருந்தேன் (தண்ணீரைத் தவிர எல்லாம் வந்தது). இன்னொன்று போட ஆசை. பத்திரிகையில் மகன் குமரேசன் பேரைப் போட்டேன். சென்னையில் படித்துக்கொண்டிருந்த அவனிடம் சொல்லவில்லை. (படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது பாருங்கள்!)

அடுத்த வருடமே அவனுக்கு மத்திய அரசில் வேலை கிடைத்தது. நாட்டின் ரகசியங்கள் புழங்கும் இடம். ஆளைப் பற்றி ஊரில் விசாரித்து, நம்பலாம் என்று எழுதி வந்தால்தான் உள்ளே விடுவார்கள். "கடன் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தான். பாவம், உண்மை என்று நினைத்து.

நான் சும்மா இருந்திருக்கலாம். டீக்கடை ராமையா மச்சானிடம் போய், "யாராச்சும் விசாரிக்க வந்தா நம்ம பயலப் பத்தி ஒசத்தியாச் சொல்லுங்க" என்றேன்.

மச்சான் சொன்னார். வந்த அதிகாரியை உட்காரவைத்து, டீ கொடுத்துச் சொன்னார்.

"குமரேசனா? சொக்கத் தங்கம்ங்க. அவன் பேருக்குப் பதினாறு லட்சம் மொய் விழுந்துச்சு. ஊரே நம்பிக் குடுத்துருக்கு!"

"திருப்பித் தரணுமா?"

"தராம எங்கிட்டுப் போவான்? விட்ருவமா?"

அதிகாரி நேராக என் வீட்டுக்கு வந்தார். மொய் கடனே அல்ல, உறவு என்று அவருக்கு ஒரு பாடமே நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சார், கடன் இருக்கிறது தப்பில்ல. கழுத்தை நெரிக்கிற கடன் இருந்தா, காசைக் காட்டி யாராவது ஆளை வளைச்சிடலாம். அதுக்குத்தான் கேக்குறோம். மறைச்சா அதைவிட மோசம். உங்க பையன் ஏன் எழுதல?"

"அவனுக்குத் தெரியாதுங்க."

"அவர் கடன் அவருக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ங்க" என்றேன், அதுவே போதும் என்பதுபோல.

குமரேசனின் நியமனம் நிறுத்திவைக்கப்பட்டது. போனில் அவன் திட்டவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா" என்றான். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தைலமரக் காட்டை விற்று, பணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அங்கேதான் அடுத்த கூத்து. ஒருவர் விருந்து வைக்குமுன்பே அவர் மொய்யைத் திருப்பிக் கொடுத்தால், உறவை முறிப்பதாக அர்த்தம். ராமையா மச்சான் பணத்தைத் தொடவே மாட்டேன் என்றார்.

"நான் என்ன மச்சான் குத்தம் பண்ணேன்? ஒசத்தியாத்தானே சொன்னேன்!"

கடன் கேட்டுக் கெஞ்சியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொடுத்த கடனைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியவன் நான்தான். "என் மகன் பொழப்பு போகுது மச்சான்" என்று டீக்கடையில் நாலு பேர் பார்க்க அழுத பிறகுதான் வாங்கினார். அவர் வாங்கியதும் ஊரும் வாங்கியது.

எல்லாம் என் வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த அதிகாரியிடம் கொடுத்தேன். குமரேசன் சேர்ந்தான், ஒரு வருடம் தாமதமாக. அவனோடு தேர்வானவர்கள் இன்று அவனுக்கு மேலே இருக்கிறார்கள். இரண்டாவது போர்வெல்லிலும் தண்ணீர் இல்லை.

போன மாதம் பேரன் பிறந்தான். என்ன பேர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. மருமகளைக் கேட்டால் சிரிக்கிறாள். மனைவி அடுப்படிக்குப் போய்விடுகிறாள். கடைசியில் குமரேசனையே பிடித்தேன்.

"காதுல மெதுவாச் சொல்லுடா. பிள்ளைக்குத் தாத்தன்டா நான்!"

"அதாம்ப்பா பயமா இருக்கு. பேரு தெரிஞ்சா நீங்க பத்திரிகை அடிச்சிருவீங்க."