யாரும் இறங்காத தண்ணீர்

குளியல் விடுதியின் வாசலில் தொடங்கிய வரிசை சலவைக்கடையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய்விட்டது. பேருந்து வந்து நின்றால் வரிசையிலிருந்து யாரும் ஏறுவதில்லை. பேருந்தில் இருப்பவர்கள்தான் இறங்கி வரிசையில் சேர்ந்துகொள்கிறார்கள். எல்லாருடைய உடம்பிலும் விஷம் இருக்கிறதாம். போன மாதம் வரைக்கும் இது அவர்களுக்குத் தெரியாது, நன்றாகத் தூங்கினார்கள். நீர்ஞானி வந்து சொன்ன நாள் முதல் ஒருவருக்கும் கண் மூடவில்லை.

நீர்ஞானி என்பது அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் விஷம் ஏறிவிடுமோ என்ற பயம்.

காரியம் மிக எளிது. முற்றத்தில் ஒரு பெரிய மரத்தொட்டி, அதில் ஆவி பறக்கும் வெந்நீர், தொட்டியைச் சுற்றித் திரை. விஷக்காரர் திரைக்குள் போய்க் கழுத்தளவு உட்கார வேண்டும். கால் மணி நேரம் கழித்து விடுதியின் முதலாளியம்மா ஒரு கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை முகந்து வெளியே கொண்டுவருவாள். நீர்ஞானி கண்ணை மூடி, பித்தளைச் சொம்பிலிருந்து சில சொட்டு விடுவார். தண்ணீர் மை மாதிரிக் கறுக்கும். கூட்டம் மூச்சை இழுக்கும்.

"பாத்தீங்களா, எவ்வளவு இருக்குன்னு?"

"இருக்குங்க சாமி, இருக்குங்க" என்பார் விஷக்காரர், ஏதோ பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவர்போல.

எல்லாக் குளியலுக்கும் பணம் கட்டியவர்களுக்குக் கடைசி நாளில் வேறொரு சொம்பு வரும். அன்றைக்குத் தண்ணீர் கறுக்காது. விஷம் தீர்ந்தது. பணம் கட்டாதவர்களின் விஷம் மட்டும் ஏனோ தீர மறுத்தது. விஷத்துக்கும் பாக்கி வைப்பவனைக் கண்டால் ஆகாது போலிருக்கிறது.

முதலாளியம்மா இப்படி ஒரு கூட்டத்தைக் கனவிலும் கண்டதில்லை. அந்தத் தொட்டியை அவளும் அவள் கணவனும் ஆசைப்பட்டுச் செய்வித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஞானி வருவதற்கு முன்னால் அவள் தினமும் காலையில் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பாள். அளந்து குளோரின் போடுவாள். வடிகட்டியைக் கழற்றிக் குழாயடியில் பீச்சிக் கழுவுவாள். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வராதவர்களைத் தொட்டிப் பக்கமே விடமாட்டாள். நாள் தவறாமல் தண்ணீரைத் திறந்துவிட்டு, பாசி பிடிக்காமல் பிரஷ்ஷால் உள்பக்கம் முழுக்கத் தேய்ப்பாள்.

ஞானி வந்த முதல் நாளே குளோரின் டப்பாவை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போல ஓரமாக வைத்தார்.

"மருந்து போட்ட தண்ணி செத்த தண்ணிம்மா. செத்தவங்கிட்டப் போய் யாராவது பாரத்தை இறக்கி வைப்பாங்களா?"

கூட்டம் அசந்துபோனது. என்ன சொல்கிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை, அதனால்தான் அசந்தது.

உயிருள்ள தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக எல்லா விஷத்தையும் தானே செரித்துவிடுமாம். ஆகவே மாற்றவும் கூடாது, வடிகட்டவும் கூடாது. மாற்றாத தண்ணீர் மெல்ல மெல்லப் பழுப்பாயிற்று. தொட்டியின் சுவரில் கை வைத்தால் வழவழவென்றது. ஒரு வாடையும் வந்தது. ஞானி அதற்கு 'உயிர் வாசனை' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததும் மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாரும் கையை எடுத்துவிட்டு ஆழமாக மூச்சிழுத்தார்கள்.

தினமும் முதல் ஆளாக இறங்கியவன் முதலாளியம்மாவின் கணவன். இடம் கொடுத்தவனுக்கு இலவசம். இரண்டாவது வாரம் அவன் முதுகில் சிவப்பாகப் பொரிப்பொரியாகக் கிளம்பியது. மூன்றாவது வாரம் அவை சீழ் வைத்தன. ராத்திரியில் காய்ச்சல். மனைவி டாக்டரிடம் போகலாம் என்றாள்.

"வெளிய வர்ற விஷத்தை டாக்டர் ஊசி போட்டு உள்ள தள்ளிடுவானாம். சாமி சொன்னாரு" என்று அவன் குப்புறப் படுத்துக்கொண்டான். மல்லாந்து படுக்க முதுகு இடம் கொடுக்கவில்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வாசலில் வரிசையும் இருந்தது. பயம் ஒரு பக்கம் இழுக்க, வரிசை ஒரு பக்கம் இழுக்க, அவள் நடுவில் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கை வந்து சேர்ந்தாள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்கு 'எதுக்கு' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பாள். மாமாவின் முதுகைப் பார்த்தவள் அக்காவை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்க்கா, கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு? முதுகா அது? கொதிக்கிற கஞ்சி மாதிரி இருக்கு."

"மெதுவாப் பேசுடி. சாமி காதுல விழும்."

"விழட்டும். திரைக்கு அந்தாண்ட இருக்கற விஷத்தைப் பாக்கறவருக்கு அடுக்களைச் சத்தம் கேக்காதா என்ன?"

பேசிக்கொண்டே டீயை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஞானி தன் சொம்பை எப்போதும் அடுக்களை அலமாரியில்தான் வைப்பார். அது கொஞ்சம் சாய்ந்து, கீழே இருந்த தம்ளரில் சொட்டியிருந்தது. தம்ளரில் டீ இல்லை, மை இருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"அக்கா, இந்த டீ எப்பக்கா தொட்டியில இறங்குச்சு?"

முதலாளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெகு நேரம் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் தங்கை மாமாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு பந்தயம். நாளைக்குத் திரைக்குள்ள போங்க. தொட்டியில இறங்காதீங்க, ஒரு விரல்கூடப் படக்கூடாது. தண்ணி வெள்ளையாவே இருந்தா நான் எல்லார் முன்னாடியும் அவர் கால்ல விழறேன். கறுத்துச்சுன்னா நேரா ஆஸ்பத்திரி."

"நீ விழறதைப் பாக்கவாவது வரேன்" என்றான் அவன், முனகிக்கொண்டே.

மறுநாள் காலை அக்காவும் தங்கையும் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். உயிருள்ள தண்ணீர் கொழகொழவென்று சாக்கடைக்குப் போயிற்று. பல வாரங்களுக்குப் பிறகு முதலாளியம்மா பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். ஆத்திரம் தீரத் தேய்த்தாள். புதுத் தண்ணீர் பிடித்துச் சூடேற்றித் திரையை இழுத்து மூடினார்கள்.

வழக்கமான நேரத்துக்கு ஞானி வந்து நாற்காலியில் அமர்ந்தார். திரைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஞானிக்குத் திரை ஒரு தடையா? உள்ளே கணவன் இருமினான். கால் மணி நேரம் ஆயிற்று. முதலாளியம்மா குடுவையில் முகந்து வந்தாள். அவள் ஞானியின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து நின்றதைக் கூட்டம் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

சொட்டு விழுந்தது. தண்ணீர் கறுத்தது.

"அடேயப்பா" என்றார் ஞானி. "நேத்தைக்கு மேல இன்னிக்கு. ஈரல்லேருந்து இறங்குது. சொந்தக்காரங்க யாரோ பொறாமைப்பட்டு வெச்ச விஷம். இன்னும் ஏழு குளியலாவது வேணும்."

திரை விலகியது. கணவன் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தேய்த்த சட்டை, பெல்ட், ஷூ. காலுறைகூட நனையவில்லை. அவன் குடுவையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், பிறகு ஞானியைப் பார்த்தான்.

"நான் இறங்கவே இல்லையே சாமி."

கூட்டம் எக்கி எக்கித் திரைக்குள் பார்த்தது. ஆனால் ஞானி பழுத்த ஆள்.

"நேத்து உட்கார்ந்தவங்களோட மிச்சம் தண்ணில இருக்கும்ல?"

"ராத்திரியில செரிச்சிடும்னீங்களே" என்றாள் தங்கை. "சரி, செரிக்கலைன்னே வெச்சுக்குவோம். நேத்துத் தண்ணி சாக்கடையில கிடக்கு. இது இன்னிக்குக் காலையில குழாயில பிடிச்சது. இதுல மனுஷன் யாரும் இறங்கல."

"அப்ப மரம் உறிஞ்சி வெச்சிருக்கு. மரத்துல இருந்து வருது."

அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். புது மரம் வெந்நீரில் ஊறினால் சாறு விடும். டீத்தூள் விடுகிறதே, அதே துவர்ப்புச் சாறு. அதற்கு ஈரலும் கிடையாது, பொறாமைக்காரச் சொந்தமும் கிடையாது.

தங்கை வரிசையின் முன்னால் நின்ற தையல்காரரிடம் கையை நீட்டினாள். "அண்ணே, அந்த டீயைக் கொஞ்சம் குடுங்க." அவர் பாதி குடித்திருந்த டீயில் சொம்பிலிருந்து சொட்டு விட்டாள். கறுத்தது. வெறும் குழாய்த் தண்ணீரில் விட்டாள். அப்படியே இருந்தது. கடைசி நாள் சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் ஊற்றினாள். ஒன்றும் ஆகவில்லை, அதில் இருந்தது பச்சைத் தண்ணீர்.

"டீக்கு எந்தச் சொந்தக்காரன் விஷம் வெச்சான், சாமி?"

முதல் சொம்பைத் தரையில் கவிழ்த்தாள். வினிகர் நெடியோடு துருப்பிடித்த ஆணிகள் கலகலவென்று விழுந்தன. இரும்பு ஊறிய வினிகர் துவர்ப்புச் சாற்றில் பட்டால் மையாகக் கறுக்கும், சாமியின் ஞானம் அவ்வளவுதான். தையல்காரர் மட்டும் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை முதலில் நெளிந்தது, பிறகு உடைந்து நாற்காலியைச் சூழ்ந்தது. கட்டிய பணத்தை எண்ணிக் கீழே வைத்த பிறகுதான் ஞானிக்கு எழுந்து போக வழி கிடைத்தது. எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு அம்மாள் தங்கையைப் பார்த்து, "எங்களுக்கு இருந்த நிம்மதியையும் கெடுத்துட்டியே" என்று கண்ணைக் கசக்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார். "சுடுதண்ணித் தொட்டியா? குளோரின் போடறதில்லையா?"

முதலாளியம்மா தரையைப் பார்த்தாள். சூடான தண்ணீரில் மருந்து இல்லாவிட்டால் கிருமி பெருகும். அது தோலில் புகுந்து சீழ் வைக்கும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் டாக்டர். ஊசி போட்ட மூன்றாம் நாள் கணவன் மல்லாந்து படுத்தான். கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஏம்மா, என்னையும் அவன் அந்த டீ மாதிரிதானே நினைச்சான்?" என்றான்.

"டீயாவது வாயைத் திறந்து 'இருக்குங்க சாமி'ன்னு சொல்லல" என்றாள் அவள்.

நீர்ஞானி இப்போது வேறு ஊரில், வேறு சொம்போடு, வேறு பட்டத்தோடு இருக்கிறாராம். அது உங்கள் ஊராகவும் இருக்கலாம். அங்கே தண்ணீர் கறுக்காமல் சிவக்கலாம், புகையலாம், பாடவும் செய்யலாம். வாயைப் பிளக்காதீர்கள். பிளந்த வாயால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "யாரும் இறங்கலைன்னா என்ன ஆகும்?" அதைக் கேட்கப் பட்டம் வேண்டாம், படிப்பு வேண்டாம். கழுத்துக்கு மேலே இருப்பது தொப்பி மாட்டுவதற்கு மட்டுமல்ல என்ற நினைப்பு இருந்தால் போதும்.